மகள் பெயரில் விழிப்புணர்வு நோட்டீஸ்: என்ன எழுதுவது?

பாப்பாவின் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு மூளைத்தண்டில் கட்டி வந்தது, டிஐபிஜி என்பார்கள். ஆறு வயதில் போய்விட்டாள். செப்டம்பர் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். அதையொட்டி அவள் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறோம். நண்பர்கள் உதவ முன்வந்திருக்கிறார்கள். ஒருவர் நோட்டீஸ் மாதிரியே தயாரித்து அனுப்பிவிட்டார். மேலே அவள் படம், ஓரத்தில் குழந்தைப் புற்றுநோய்க்கு அடையாளமான தங்க நிற ரிப்பன், கீழே பெரிய எழுத்தில் "ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்திவிடலாம்".

அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. முதல் எம்ஆர்ஐ எடுத்த அன்றே டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "ஒரு மாதம் முன்னாடி வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்." அறுவை செய்து எடுக்க முடியாத இடம். கதிர்வீச்சு கொடுத்தால் சில மாதம் நன்றாக இருப்பாள் என்றார். அப்படித்தான் இருந்தாள். நடந்தாள், பள்ளிக்கும் போனாள். அப்புறம் கட்டி மறுபடி வளர்ந்துவிட்டது.

அந்த வரிக்கு மேல் அவள் முகம் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பெற்றவர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதானே? என் மனைவி அதைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். ஆனால் அந்த வரியைப் பொய் என்றும் தள்ள முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தை குணமாகி வீட்டுக்குப் போனதை நாங்கள் பார்த்தோம். இந்த வழியில் நடந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்பா:

அண்ணா, என் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். ஒருமுறை முழுதாகக் குணமாகி, இரண்டாம் முறை வந்தபோது போய்விட்டான். நீங்கள் சொல்வது எனக்கு அப்படியே புரிகிறது. அவன் போன முதல் வருடம் அந்த வாசகத்தை எங்கே பார்த்தாலும் என்னைக் குற்றம் சொல்வது போலவே இருக்கும். காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே கூட்டிக்கொண்டு போனவள் நான். அதை யாரிடம் போய் நிரூபிப்பது?

அவசரப்பட வேண்டாம். இந்த செப்டம்பர் போனால் அடுத்த செப்டம்பர் வரும். முக்கியமாக, அக்கா மனது வைக்காமல் பாப்பா படத்தை வெளியே விடாதீர்கள். துக்கத்தில் ஒருவருக்கு ஓடியாடி வேலை செய்தால்தான் மூச்சு வரும், இன்னொருவருக்குக் கதவைச் சாத்திக்கொண்டால்தான் வரும். எங்கள் வீட்டில் அவர் முதல் வகை, நான் இரண்டாவது. ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள நாளாயிற்று.

ஊசிமல்லி:

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அண்ணா, உங்கள் மகளுக்கு வந்ததைப் பற்றி டாக்டர் சொன்னது முழு உண்மை. டிஐபிஜி மூளைத்தண்டின் நடுவில், நல்ல திசுவோடு பின்னிப் பிணைந்து வளர்கிறது. மூச்சு, விழுங்குதல், இதயத் துடிப்பு எல்லாம் ஓடுகிற இடம். கத்தி வைக்க வழியில்லை. கண்டுபிடித்த பிறகு பெரும்பாலான குழந்தைகள் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை, எந்த நாட்டில் சிகிச்சை எடுத்தாலும் இதுதான் நிலைமை. நீங்களோ அக்காவோ எதையும் தவறவிடவில்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்வேன்.

குழந்தைப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர உள்ளே பல நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பொருந்துகிற வாசகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ரெட்டினோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திரையில் வரும் கட்டி, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் ஒரு கண் சிவப்பாகத் தெரியும், மற்றது வெள்ளையாக மின்னும். அந்தக் கட்டத்தில் வந்தால் உயிரைக் காப்பாற்றலாம், பல சமயம் கண்ணையும் காப்பாற்றலாம். கட்டி கண்ணைத் தாண்டி வெளியே பரவிவிட்டால் கதையே வேறு. வில்ம்ஸ் கட்டி சிறுநீரகத்தில் வருவது. குளிப்பாட்டும்போதோ சட்டை மாட்டும்போதோ வயிற்றில் ஒரு பக்கம் கல் மாதிரி தட்டுப்படும். குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டுதான் இருக்கும், வலி என்றே சொல்லாது. இவற்றுக்கெல்லாம் உங்கள் நண்பர் எழுதிய வரி பொருந்தும்.

ஒரு முன்மாதிரி சொல்கிறேன். ஹோண்டுராஸ் நாட்டில் 2003ல் தேசியத் தடுப்பூசி இயக்கத்தோடு சேர்த்து, வெள்ளையாக மின்னும் கண்ணைப் பற்றிய பிரச்சாரம் தொடங்கினார்கள். தடுப்பூசிக்கு எப்படியும் எல்லாத் தாய்மார்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அங்கேயே செய்தியைச் சொன்னார்கள். அதற்கு முன்பு வந்த ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைகளில் 73% பேருக்குக் கட்டி கண்ணுக்கு வெளியே பரவியிருந்தது. பிரச்சாரத்துக்குப் பிறகு அது 35% ஆகக் குறைந்தது. ஒரே ஒரு அறிகுறி, அதைப் பார்க்க வேண்டியவர்கள் கண்ணில் படும் இடம். விழிப்புணர்வு என்றால் என் மனதில் வருவது இதுதான்.

கடலோடி:

கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், மனம் வருந்த வேண்டாம். என் தம்பி மகனை இழந்தோம். அதற்குப் பிறகு வருடா வருடம் ரிப்பன், தங்க நிற விளக்கு, டீஷர்ட், ஓட்டம் என்று எல்லாவற்றிலும் கலந்துகொண்டோம். ஓட்டத்துக்கு வந்தவர்கள் யாரும் "குழந்தைக்குப் புற்றுநோய் வருமா?" என்று கேட்டதில்லை. தெரிந்தவர்களுக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்கு ஆதங்கம்.

உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 சதவீதம்கூட இல்லை. இந்த இடைவெளிக்கு அறிகுறி தெரியாதது மட்டுமா காரணம்? மருந்து கிடைக்கவில்லை, தங்க இடமில்லை, வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டு வந்து மாதக்கணக்கில் கிடக்க முடியவில்லை. பாதியில் சிகிச்சையை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். பணமும் உழைப்பும் அங்கே போகட்டும் என்பேன். அல்லது ஆராய்ச்சிக்குப் போகட்டும். உங்கள் மகளுக்கு வந்த நோய்க்கு நோட்டீஸ் என்ன செய்யும், அண்ணே? ஆராய்ச்சி ஒன்றுதான் ஏதாவது செய்யும்.

வெண்பா:

கடலோடி அண்ணா, பாதியில் நிறுத்துவது பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ரிப்பனை அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். வார்டில் இருந்தபோது எனக்கு உலகமே மறந்துவிட்டது போல இருந்தது. ஒரு செப்டம்பர் இரவு ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்க் கட்டிடம் முழுக்கத் தங்க நிறம். யாரோ எங்களை நினைத்திருக்கிறார்கள். அது யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லைதான், அந்த ராத்திரி எனக்குத் தேவைப்பட்டது.

ஊசிமல்லி:

பாதியில் நின்றுபோகும் சிகிச்சைதான் எங்களுக்கும் பெரிய வேதனை. கீமோ தொடங்கியதும் கட்டி சுருங்கிவிடும், காய்ச்சல் நின்றுவிடும், பிள்ளை ஓட ஆரம்பித்துவிடும். "குணமாகிவிட்டதே, இன்னும் எதற்கு ஊசி?" என்று கேட்பார்கள். லுக்கீமியா என்கிற ரத்தப் புற்றுநோயில், பெரும்பாலான குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டு, மூன்று வருடம் மருந்து தொடர வேண்டும். நடுவில் விட்டவர்களில் பலர் திரும்பி வரும்போது எங்கள் கையில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இதையும் ஒரு நோட்டீஸில் எழுதலாமே.

பாப்பாவின் அப்பா:

எல்லோரும் சொன்னதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஊசிமல்லி எழுதிய முதல் பத்தியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

கடலோடி அண்ணன் கேட்டது நியாயம். அவள் நோய்க்கு நோட்டீஸ் ஒன்றும் செய்யாது. அப்படியானால் அவள் பெயரை எதற்காக அதில் போடுகிறேன் என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீலவானம்:

அண்ணா, என் மகனுக்கும் இதே நோய்தான். இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அவன் கடைசி வாரங்களில் டாக்டர் மிகவும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். இறந்த பிறகு கட்டியின் திசுவை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று. கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று இரவு அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு யோசித்தேன். முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு போய்விட்டது. என் சுட்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு தூங்கினான். இவனை இப்படி ஆக்கியதை யாராவது பிரித்துப் பார்த்து, என்ன ஏது என்று கண்டுபிடிக்கட்டும் என்று தோன்றியது. காலையில் சரி என்றேன்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மூளைத்தண்டு என்பதால் பல ஆண்டுகள் இந்தக் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பதே அரிதாக இருந்திருக்கிறது. ஆராய மாதிரியே இல்லை. பெற்றோர்கள் இறந்த பிள்ளைகளின் திசுவைக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆய்வகத்தில் அந்த உயிரணுக்களை வளர்த்துப் பார்க்க முடிந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் மோஞ்சே என்ற ஆய்வாளரின் குழுவினர் அப்படி வளர்த்ததை 2011ல் வெளியிட்டார்கள். 2012ல் இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் எச்3 கே27எம் என்ற மரபணு மாற்றம் தெரியவந்தது. அந்த மாற்றம் கொண்ட கட்டி மீண்டும் வளர்ந்தவர்களுக்கென்று டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விரைவு ஒப்புதல் தந்தது. அது நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. சிலருக்குக் கட்டி சுருங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் பல ஆண்டுகளாகக் கதிர்வீச்சைத் தவிர எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு பெயர் வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் முகம் தெரியாத எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நீங்கள் திசு கொடுத்தீர்களா இல்லையா என்று கேட்கவில்லை. கொடுக்காதவர்கள் எந்தக் கடனும் பட்டவர்கள் இல்லை. எங்கள் நோய்க்கு விழிப்புணர்வு என்றால் அது வேறு ஆட்களிடம் போய்ப் பேச வேண்டிய விழிப்புணர்வு என்று சொல்ல வந்தேன். கேப்ரியெல்லா மில்லர் என்ற சிறுமிக்கும் இதுதான். குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கச் சொல்லித் தலைவர்களைப் பார்த்து நேராகவே பேசினாள். 2013 அக்டோபரில் பத்து வயதில் இறந்தாள். 2014 ஏப்ரலில் அவள் பெயரிலேயே அமெரிக்காவில் சட்டம் வந்தது, குழந்தைகள் நோய் ஆராய்ச்சிக்குப் பத்து ஆண்டுகளில் 12.6 கோடி டாலர்.

தமக்கை:

நான் இழந்தது தங்கையை. அப்போது எனக்குப் பதினான்கு வயது. அண்ணா, உங்களுக்கு வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா தெரியாது. இருந்தால் இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

என் பெற்றோர் அவள் பெயரில் நிறையச் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். நான் பெருமைப்படுகிறேன். ஆனால் மேடையில் அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பொறுமைசாலி, ஊசி போட்டால்கூட அழமாட்டாள், தேவதை என்பார்கள். அவள் அப்படி இல்லை! ஊசியைப் பார்த்தால் வார்டே அதிரக் கத்துவாள். என் பென்சில்களை எடுத்து உடைத்துவிட்டு நான்தான் உடைத்தேன் என்பாள். விளையாட்டில் தோற்றால் பலகையையே கவிழ்த்துவிடுவாள். அந்தப் பிள்ளையைத்தான் நான் தேடுகிறேன். நோட்டீஸில் இரண்டு வரி அவளைப் பற்றி எழுதுவதென்றால் உண்மையான வரியாக எழுதுங்கள்.

இன்னொன்று, படம். உடம்பு நன்றாக இருந்தபோது எடுத்த படத்தைப் போடுங்கள். முடி கொட்டிய படம், குழாய் மாட்டிய படம் போட்டால் மனதை உலுக்கும், நன்கொடை வரும் என்பார்கள். அந்தப் படத்தை வெளியே விட்டால் பிறகு திரும்ப எடுக்கவே முடியாது. என் தங்கையின் அப்படிப்பட்ட படம் ஒன்று சம்பந்தமே இல்லாத யாரோ பணம் கேட்கிற பதிவில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கடலோடி:

தமக்கை சொன்ன கடைசி விஷயம் மிக முக்கியம். இறந்த பிள்ளைகளின் படத்தைத் திருடி வசூல் செய்கிறார்கள். படத்தின் மேலேயே குறுக்கே பெயரை எழுதிவிடுங்கள், வெட்டி எடுக்கக் கஷ்டமாக இருக்கும்.

பணம் வசூலிப்பதானால் உங்கள் சொந்தக் கணக்கில் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே நல்லபடியாக நடக்கிற அமைப்பு ஒன்றுக்கு நேரடியாகப் போகட்டும். புது அறக்கட்டளை தொடங்குவதெல்லாம் பதிவு, தணிக்கை, வருடாந்தரக் கணக்கு என்று ஆளை விழுங்கிவிடும். அலெக்ஸாண்ட்ரா ஸ்காட் என்ற சிறுமி 2000ல், நான்கு வயதில், வீட்டு முற்றத்தில் எலுமிச்சைச் சாறு விற்று டாக்டர்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு வந்தது நியூரோபிளாஸ்டோமா, நரம்பு உயிரணுக்களில் வரும் புற்றுநோய். 2004ல் இறப்பதற்குள் அது பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. பெற்றோர் முறையாக அமைப்பாகப் பதிவு செய்தது அதற்குப் பிறகு, 2005ல்தான். முதலில் வேலை, பிறகு பலகை.

நீலவானம் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி.

அகரம்:

குழந்தைநல மருத்துவராக இருக்கிறேன். பெரும்பாலும் சளி, காய்ச்சல் பார்க்கிற சாதாரண கிளினிக். இத்தனை வருடத்தில் புதிதாகப் புற்றுநோய் என்று நான் சந்தேகித்து அனுப்பிய குழந்தைகள் மிகச் சிலரே. அதுதான் சிக்கலே. நூற்றுக்கணக்கான காய்ச்சல்களுக்கு நடுவில் ஒன்று. ஆகவே பெற்றோரைவிட எங்களைப் போன்றவர்களுக்கு நினைவூட்டுவது அதிகப் பலன் தரும். பிரிட்டனில் 2011ல் 'ஹெட்ஸ்மார்ட்' என்று ஒன்று தொடங்கினார்கள். மூளைக்கட்டியின் அறிகுறிகளை வயது வாரியாகப் பிரித்துச் சிறிய அட்டையில் அச்சிட்டு, பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் கொடுத்தார்கள். நோயைக் கண்டுபிடிக்க ஆகும் காலம் குறைந்தது. கைக்குழந்தைக்குத் தலை பெரிதாவதும் பதின்வயதுப் பிள்ளைக்குப் பார்வை மங்குவதும் ஒரே அட்டையில் கலந்து கிடந்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

பெரியவர்களின் புற்றுநோய்க்குச் செய்வது போல "வருடம் ஒருமுறை பரிசோதனை" என்று குழந்தைகளுக்குப் பொதுவாக எதுவும் கிடையாது. புகை, குடி, சாப்பாடு என்று காரணமும் சொல்ல முடியாது. மரபுவழியாக வருவது சுமார் பத்தில் ஒன்று. மீதிக்குப் பெரும்பாலும் காரணமே தெரியாது. பெற்றோர் செய்த எதனாலும் வந்ததில்லை, ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. இந்த இரண்டு வரியை நோட்டீஸில் தயவுசெய்து சேருங்கள். சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பிய பிள்ளையின் பக்கத்தில் உட்கார விடமாட்டேன் என்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.

பாப்பாவின் அப்பா:

கொஞ்ச நாள் எழுத முடியவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். பெரிய அளவில் எதுவும் வேண்டாம் என்று முடிவு. ஓட்டம், மேடை எதுவும் இல்லை. சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்றை ஏற்கெனவே ஒரு அமைப்பு நடத்துகிறது. அங்கே ஒரு அறையின் செலவை அவள் பெயரில் ஏற்கிறோம். கதிர்வீச்சு நாட்களில் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

நோட்டீஸும் போடுகிறோம். அவள் படம் இல்லாமல். இது மனைவியின் முடிவு, எனக்கும் இப்போது அதுவே சரி என்று படுகிறது. அவள் பெயர் மட்டும் கீழே சிறியதாக. எழுதியதை இங்கே போடுகிறேன், திருத்துங்கள்.

"குழந்தைகளுக்கும் புற்றுநோய் வரும். பல வகைகளைச் சிகிச்சையால் குணப்படுத்த முடிகிறது. சிலவற்றுக்கு இன்னும் மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோர் செய்த எதனாலும் வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது.

கண்ணின் கருமணியில் வெள்ளைப் பளபளப்பு, புதிதாக வந்த மாறுகண். வயிற்றிலோ கழுத்திலோ வேறு எங்குமோ கட்டி. இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், வெளிறிப்போதல், காரணமில்லாமல் தோல் கன்றிப்போதல், ரத்தக்கசிவு. தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி. காலையில் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம்.

இவற்றில் எதைப் பார்த்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சரியாகாவிட்டால் மறுபடியும் போங்கள்."

வெண்பா:

"சிலவற்றுக்கு இன்னும் மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள்." இந்த வரி இருக்கிற நோட்டீஸை நான் எந்தச் சுவரில் பார்த்தாலும் நின்று படிப்பேன், அண்ணா.

அகரம்:

நன்றாக வந்திருக்கிறது. ஒரு திருத்தம் அவசியம். இரண்டு வாரம் என்பது காய்ச்சலுக்கு மட்டும்தான். படிக்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு வாரம் காத்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். கண்ணில் வெள்ளை, வயிற்றில் கட்டி, நடைத் தள்ளாட்டம், வாந்தியோடு தலைவலி, இந்த நான்கையும் தனியாகப் பிரித்து "உடனே போகவும்" என்று மேலே போடுங்கள். அப்புறம், பெரும்பாலும் இந்த அறிகுறிகளுக்குச் சாதாரணக் காரணம்தான் இருக்கும் என்றும் ஒரு வரி வேண்டும். பயந்துபோனால் சிலர் வரவே மாட்டார்கள்.

"மறுபடியும் போங்கள்" என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள். ஒரே தொந்தரவுக்காக மூன்றாம் முறை வருகிற தாயை நாங்கள் கவனமாகப் பார்க்கக் கற்றிருக்கிறோம். தாய்க்கும் அது தெரிய வேண்டும்.

ஊசிமல்லி:

தடுப்பூசி போடும் இடம், மழலையர் பள்ளி, மூக்குக்கண்ணாடிக் கடை, மருந்துக்கடை. இந்த நான்கு இடத்துக்கு முதலில் கொடுங்கள். எங்கள் வார்டில் ஒட்ட வேண்டாம், இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு அந்தப் பட்டியல் எதற்கு. விடுதி அறை விவரத்தை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள், புதிதாகச் சேருகிற குடும்பங்களிடம் சொல்கிறேன்.

பாப்பாவின் அப்பா:

சரி. "உடனே போகவும்" பகுதியைத் தனியாகப் பிரித்துவிட்டேன், அகரம் சொன்ன வரியையும் சேர்த்துவிட்டேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் திருத்திய படியை இங்கேயே போடுகிறேன், டாக்டர் ஒருமுறை பார்த்துச் சொன்னால் போதும். நீலவானம் அண்ணா, திசு தானம் பற்றி டாக்டர்கள் பெற்றோரிடம் எப்படிப் பேசலாம், எப்போது பேசலாம் என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா? எங்கள் டாக்டரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நீலவானம்:

எழுதுகிறேன். ஒரு வாரம் கொடுங்கள்.